கிடந்த டிராக்டர் கிளம்ப மறுத்தால்

(தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொழுது விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரத்துக்கு மரம் நடந்து நீங்கள் சேர்க்கும் பால், உரிய நேரத்தில் ஆலையை அடைய வேண்டும். தாமதமானால் பால் உறையும், தரம் குறையும், விலையும் குறையும். ஆகவே, பால் தொட்டியை இழுக்கும் டிராக்டர் ஒருநாள் காலையில் கிளம்ப மறுப்பது ஓட்டுநர் ஒருவரின் கவலை மட்டுமன்று. அது தோட்டம் முழுவதற்கும் உரிய கவலையாகும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்கள் இலையுதிர்க்கின்றன, பால் குறைகிறது, டிராக்டரும் கொட்டகையில் ஓய்வு கொள்கிறது. மீண்டும் வெட்டுத் தொடங்கும் நாளில்தான் அதன் நினைவு நமக்கு வருகிறது. சாவியைத் திருப்பினால் இயந்திரம் பேசாது. அப்போது என்ன செய்வது? இதுவே இன்றைய என் உரையின் பொருள்.

முதலில் டீசல் இயந்திரத்தின் இயல்பை அறிவோம். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897-ஆம் ஆண்டில் இதனை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தீப்பொறிப் பிளக் இதில் இல்லை. உருளைக்குள் காற்று இறுக அழுத்தப்படும்போது 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே டீசல் இயந்திரத்துக்கு வேண்டியவை மூன்றே: வேகமான சுழற்சி, தாராளமான காற்று, தூய்மையான டீசல். மூன்றில் எது குறைந்தது என்று கண்டறிவதே பழுது பார்ப்பதன் தொடக்கம்.

எதையும் தொடுமுன் கை பிரேக்கைப் போடுங்கள். கியரை நடுநிலையில் வையுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அடுத்து, எளியவற்றைப் பாருங்கள். தொட்டியில் டீசல் உள்ளதா? டீசல் குழாயின் அடைப்பான் திறந்துள்ளதா? இயந்திரத்தை நிறுத்த இழுக்கும் கைப்பிடி முழுதும் உள்ளே தள்ளப்பட்டுள்ளதா? இந்தக் கைப்பிடி வெளியே இருந்தால், நாள் முழுதும் முயன்றாலும் இயந்திரம் கிளம்பாது. காற்று வடிகட்டியில் எலியோ குளவியோ கூடு கட்டியிருக்கிறதா என்றும், மின்கம்பிகளை எலி கடித்துள்ளதா என்றும் பாருங்கள்.

இப்போது சாவியைத் திருப்பி, இயந்திரம் சொல்வதைக் கேளுங்கள். ‘டக்’ என்ற ஒலியோடு நின்றால், பெரும்பாலும் குறை பேட்டரியில் இருக்கும். நிறைவாக மின்னேற்றிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கம்பிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுகப் பூட்டுங்கள். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள்; பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்டுங்கள். மின்னேற்றும் பேட்டரியிலிருந்து வெடிக்கக்கூடிய வாயு வெளிவரும். அதன் அருகே சுருட்டும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம்.

இயந்திரம் நன்கு சுழல்கிறது, ஆனால் புகைக்குழாயில் புகையே இல்லை என்றால், டீசல் உருளையைச் சென்றடையவில்லை என்று பொருள். வெண்புகை வந்தால், டீசல் சென்றும் எரியவில்லை. சூடோ சுழற்சி வேகமோ போதவில்லை.

டீசல் ஏன் போய்ச் சேரவில்லை? நெடுநாள் கிடந்த தொட்டியில் ஈரம் நீராகத் திரண்டு அடியில் தங்குகிறது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு 5 விழுக்காடாகத் தொடங்கிய செம்பனை எண்ணெய்க் கலப்பு, 2019-இல் சாலை வாகன டீசலில் 10 விழுக்காடாக உயர்ந்தது. இது நமது செம்பனைத் தொழிலுக்கு நன்மையே. எனினும் இத்தகைய டீசல் ஈரத்தை எளிதில் ஈர்க்கும். நீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுத்த வழவழப்பான கசடாகி வடிகட்டியை அடைக்கின்றன. வடிகட்டியின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, நீரும் கசடும் போகும்வரை ஒரு கலத்தில் வடியவிடுங்கள். வடிகட்டி அழுக்கேறியிருந்தால் புதிதாக மாற்றுங்கள். வடிந்ததைக் கால்வாயில் கொட்டாதீர்கள்.

வடிகட்டியைத் திறந்தால் குழாயில் காற்று புகும். அந்தக் காற்றை வெளியேற்றுவது அவசியம். மாஸி பெர்குசன் 135 போன்ற பழைய டிராக்டர்களில், முதலில் வடிகட்டியின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, டீசல் பம்பின் கைநெம்பை அடியுங்கள். நுரையோடு வரும் டீசல் நுரையின்றி வரத் தொடங்கியதும் இறுக்குங்கள். பின்னர் பீய்ச்சும் பம்பின் திருகாணியிலும் அவ்வாறே செய்யுங்கள். அதன் பின்னும் கிளம்பாவிட்டால் இன்ஜெக்டர் குழாய் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். அங்கே டீசல் தோலைத் துளைக்கும் அழுத்தத்தோடு பாயும். ஊசிமுனை அளவு காயம் பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒவ்வொரு முறையும் 10 அல்லது 15 வினாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்றாதீர்கள். இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். பதறாத காரியம் சிதறாது.

இரண்டு எச்சரிக்கைகளை மறவாதீர்கள். முதலாவது, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-இல் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த வெள்ளம் நமக்கு அளித்த பாடம். ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. நீரில் நின்ற இயந்திரத்தை, அல்லது மூடாத புகைக்குழாயில் மழைநீர் இறங்கிய இயந்திரத்தை, உடனே சுழற்றக்கூடாது. காற்றைப் போல் நீர் அழுந்தாது. உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வளைந்து இயந்திரமே பாழாகும். மெக்கானிக் வரும்வரை பொறுத்திருங்கள்.

இரண்டாவது உயிரைப் பற்றியது. தரையில் நின்றுகொண்டு, ஸ்டார்ட்டரின் இரு முனைகளைத் திருப்புளியால் இணைத்துக் கிளப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கிளப்பும்போது காவலாக இருக்கும் விசை, அப்போது செயலற்றுப் போகிறது. டிராக்டர் கியரில் இருந்தால் பாய்ந்து முன்னேறும். பின்சக்கரத்தின் முன்னே நிற்பவர் விலக நேரமிராது. அந்தத் திருப்புளி மிச்சப்படுத்துவது பத்து நிமிடம். பறிப்பதோ குடும்பத் தலைவனை. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலையில் விபத்துக்குள்ளானோருக்கு உதவுகிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இப்பாதுகாப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆயினும் எந்த உதவித் தொகையும் போன உயிருக்கு ஈடாகாது. ஆகவே, அவசரப்படுத்துவோர் எவராயினும், “இருக்கையில் அமர்ந்தே கிளப்புவேன்” என்று உறுதியாகக் கூறுங்கள்.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பானேன்? டிராக்டரை ஓய்வில் விடுமுன் தொட்டியை நிறைய நிரப்புங்கள். ஈரம் திரள இடமிராது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வையுங்கள். புகைக்குழாயை ஒரு தகர டின்னால் மூடி, கிளப்புமுன் அதனை எடுக்க மறவாதிருங்கள். முடிந்தால் வாரம் ஒருமுறை பேட்டரியைப் பூட்டி, இயந்திரம் நன்கு சூடேறும்வரை ஓடவிடுங்கள். இவற்றைச் செய்த நாளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். அடுத்து வரும் ஓட்டுநருக்கு அது வழிகாட்டும்.

நீங்கள் வெட்டும் பாலும் நலமாக ஆலை சேரட்டும். நீங்களும் நலமாக வீடு சேருங்கள்.