எச்சரிக்கை தகரக் கொட்டகையை எட்ட வேண்டும்

(புனே லோஹேகாவில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புனே நகரின் மழையளவைப் பதிவு செய்யும் வானிலை நிலையங்களுள் ஒன்று இதே லோஹேகாவில் இருக்கிறது. ஆனால் இங்கே எழும்பிவரும் அடுக்குமாடிகளின் ஓரம் தகரக் கொட்டகையில் உறங்கும் தொழிலாளிக்கு மழை எச்சரிக்கை வந்து சேர்கிறதா? இன்றைய கேள்வி இதுதான்.

2014 ஜூலை 30 அன்று இதே புனே மாவட்டத்தின் மாலின் கிராமம் மலைச்சரிவில் புதையுண்டது. 151 பேர் மாண்டனர். அவ்வழியே வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் ஊரைக் காணாமல் திகைத்து நின்ற பிறகே வெளியுலகம் அதை அறிந்தது. 2019 ஜூன் 29 அதிகாலையில் கோந்த்வாவில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் கனமழையில் சரிந்து, அதையொட்டியிருந்த கட்டுமானத் தொழிலாளர் கொட்டகைகள்மீது விழுந்தது. குழந்தைகள் உட்பட 15 பேர் உயிரிழந்தனர். பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அவை.

மழை இயற்கையின் செயல். சுவரடியில் கொட்டகை போட்டது இயற்கையின் செயல் அன்று. வேலை நடக்கும் காலம் முழுவதும் தொழிலாளிக்குத் தங்குமிடம் தருவது முதலாளியின் கடமை என்று 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. அக்கடமை ஏட்டில் நின்றுவிட்டால், அதன் விலையைத் தொழிலாளி உயிரால் செலுத்த நேர்கிறது.

மாற்று வழி உண்டா? உண்டு. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மடிந்தனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே கரையைத் தாக்கியபோது ஏறக்குறைய 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளைத் தாண்டவில்லை. சோசலிச கியூபாவில் எந்த வீட்டில் முதியவர், எந்த வீட்டில் கர்ப்பிணி என்பதைத் தெருமட்டக் குழுக்கள் அறிந்திருக்கின்றன. 2008இல் கஸ்டாவ் சூறாவளி பேரழிவை விளைவித்தும் அங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை.

எனினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. எச்சரிக்கை கிடைத்தாலும் ஏழைக் குடும்பம் எளிதில் வெளியேறுவதில்லை. அது அறியாமையால் அன்று. கொட்டகையில் இருக்கும் அடுப்பும் அரிசியும் திருட்டுப் போகும். ஒருநாள் கூலி போகும். போய்த் தங்க இடமும் இல்லை. இந்த மூன்று அச்சங்களையும் போக்காமல் வெறும் அறிவுரை வழங்குவது பயனற்றது.

ஆகவே கிளைகளின் பணி தெளிவானது. ஒவ்வொரு சந்திலும் இரு தோழர்கள் பொறுப்பேற்று முதியோர், கைக்குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் பட்டியலை எழுத வேண்டும். தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் செய்தி சொல்ல ஆள் வேண்டும். இரவில் திறக்கக்கூடிய பள்ளி எது, அதன் சாவி யாரிடம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். குடும்பங்கள் வெளியேறும்போது கொட்டகைகளுக்குத் தொண்டர் காவல் வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், கூலிச் சீட்டு ஆகியவற்றை நெகிழி உறையிலிட்டு ஒரே பையில் வைக்கக் குடும்பங்களைப் பழக்க வேண்டும். தண்ணீர் ஏறினால் முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டறையின் 1077 எண் ஒவ்வொரு கதவிலும் எழுதப்பட வேண்டும்.

இவையெல்லாம் அரசின் பொறுப்பைக் குறைப்பன அல்ல. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். 2017இல் லோஹேகாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட மாநகராட்சிக்கும் பொறுப்பு உண்டு. ஆபத்தான சுவர்களின் பட்டியல், தங்குமிடம், மழைநாள் கூலி ஆகிய மூன்று கோரிக்கைகளையும் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் சீட்டுப் பெற வேண்டும்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை புனேயை எட்டும். அதற்கு முன் பட்டியல் முடிந்திருக்க வேண்டும். கோந்த்வாவில் மாண்ட குழந்தைகளுக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே.