கர்ப்பப்பை அறுவையும் நமது கடமையும்

(உத்திரமேரூர் வட்டார ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடவோலை முறையைக் கல்லிற் பொறித்த இவ்வூரில் ஏரி, மதகு, பாதை பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைய பொருள், ஆடவர் சபையில் வழக்கமாக எழாதது.

பெரும்பாடும் அடிவயிற்று வலியும் கண்டால், "பிள்ளை பெற்றாயிற்று, இனிக் கர்ப்பப்பை எதற்கு?" என்கிறோம். இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீடு மாவட்டமே சான்று. கரும்பு வெட்டும் பெண்கள் ஏறத்தாழ 82,000 பேரை 2019-இல் அரசுக் குழு விசாரித்தபோது, 13,000-க்கு மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தனர். மாதவிலக்கு நாட்களில் கூலி போய்விடுமே என்று அஞ்சி இசைந்தவர் பலர்.

புற்றுநோய் கண்டால் அறுவைக்கு அஞ்சலாகாது. ஆயினும் பெரும்பாட்டிற்கும், கர்ப்பப்பையில் தோன்றும் பல சதைக் கட்டிகளுக்கும் மருந்தும் வேறு சிகிச்சையும் உண்டு. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சினைப்பைகள் இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டால், ஐம்பதில் வரவேண்டிய மாற்றம் உடனே வந்துவிடும்: உடற்சூடு, உறக்கமின்மை, நாளடைவில் எலும்புத் தேய்வு, இருதய நோய். "சினைப்பையையும் எடுப்பீர்களா? ஏன்?" என்று மருத்துவரைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. இன்னொரு மருத்துவரிடம் காட்டுவதும் குற்றமன்று. தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மேற்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றமே 2023-இல் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

அறுவைக்குப்பின் ஆறு வாரம் தண்ணீர்க் குடமும் நெற்கட்டும் தூக்கலாகாது. நடவுக் காலத்தில் இது எளிதன்றுதான். குடத்தை ஆடவர் தூக்கினால் என்ன குறைந்துவிடும்? "இனி அவள் பெண்ணே அல்லள்" என்னும் பேச்சு வெறும் பொய். புண் ஆறியபின் இல்லறம் நடத்தத் தடையில்லை.

வரும் கிராம சபையன்று கிராம சுகாதாரச் செவிலியரை அழைப்போம். பெண்கள் தனியே அமர்ந்து கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். ஊராட்சிக் கூடத்தின் சாவி நம்மிடந்தானே இருக்கிறது!