பாறைப் பாடம் யார் கையில்?

  

1. வாதம்

பள்ளிகளுக்கு நாம் என்ன செய்யலாம் என்ற கேள்வி நிலவியலாளர்களாகிய நம் சங்கத்தின் பொதுக்குழுவில் பலமுறை எழுந்திருக்கிறது. நிலவியலை மேல்நிலையில் தனிப்பாடமாக்கக் கோருவோம் என்பார்கள் சிலர். மாணவர்க்குப் போட்டித்தேர்வு நடத்துவோம் என்பார்கள் வேறு சிலர். இந்திய நிலவியல் சங்கம் 2013இல் மைசூரில் பன்னாட்டுப் புவி அறிவியல் ஒலிம்பியாடை நடத்தியது. அது பெருமைக்குரிய செயல். ஆனால் போட்டி எட்டுவது ஏற்கெனவே ஆர்வம் கொண்ட பிள்ளையை. தனிப்பாடம் அரசு தர வேண்டியது. தமிழ்நாட்டுப் பாடநூலிலோ ஒன்பதாம் வகுப்பிலேயே பாறைக்கோளம் இருக்கிறது, சமூக அறிவியல் நூலில். அதை நடத்துபவர் வரலாறு படித்தவராகவும் இருக்கலாம். நாமோ அறிவியல் ஆசிரியருக்கே அழைப்பிதழ் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நம் உதவி முதலில் சேர வேண்டியவர் அந்தச் சமூக அறிவியல் ஆசிரியர். இதுவே என் வாதம்.

2. சாத்தனூர்

அவருக்கு எப்படி உதவலாம் என்று காட்டப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரை எடுத்துக்கொள்வோம். அங்கே 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தை 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். நாம் பிள்ளைகளுடன் போனால் கிரெட்டேசியக் காலம், கோடி ஆண்டுகள் என்று பேசித் தீர்க்கிறோம். அவர்கள் நினைவில் தங்குவது எண் மட்டும்.

ஆசிரியர் அங்கே மூன்று கேள்விகள் கேட்கலாம். மரம் மக்காமல் எப்படித் தப்பியது? வெளியில் கிடக்கும் மரத்தைக் கரையான் அரிக்கும் என்பது ஊர்ப்பிள்ளைக்குத் தெரியும். காற்றுப்படாமல் விரைவில் புதைந்திருக்க வேண்டும் என்று அவர்களே வந்துசேர்வார்கள். எதில் புதைந்தது? சுற்றுவட்டாரப் பாறைகளில் கடற்சிப்பிகள் இருக்கின்றன. நிலத்தில் வளர்ந்த மரம் நீரோடு அடித்துவரப்பட்டுக் கடலடியில் தங்கியிருக்கிறது. எப்படிக் கல்லாயிற்று? நீரில் கரைந்துவந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் வடிவம் கெடாமல் படிந்தது. சிலிக்காவின் உறுதியை விளக்க நினைவுச்சின்னத்தைத் தொட வேண்டாம். வழியில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் சிலிக்காதான். இரும்பாணியால் கீறினால் அதில் கோடு விழாது. சுண்ணாம்புக்கல்லில் விழும். கல்மரத்தின் உறுதி எங்கிருந்து வந்தது என்பது கையிலேயே விளங்கிவிடும்.

அங்கிருந்து காரை என்ற ஊருக்குப் போனால், மழை அரித்த களிமண் பள்ளங்களில் பெலம்னைட்டுகள்: கணவாயின் பழைய உறவினங்களுடைய உட்கூடுகள். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவதும் அந்தப் பழைய கடலின் படிவுகள்தாம். தந்தை வேலைக்குப் போகும் சுரங்கமே பிள்ளையின் பாடமாகிவிடுகிறது. 1862இல் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டின் ஆய்வு வெளிவந்தது முதல் இவ்வட்டாரத்தைப் பற்றி நம் துறையினர் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் தமக்குள்ளேயே. ஆசிரியர் பையில் வைத்துப் போகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதுவது நம் கடமை.

3. பிற இடங்கள்

பல்லாவரத்துச் சார்னோகைட் பாறைக்கும் திருவக்கரைக் கல்மரங்களுக்கும் இந்தக் கேள்வி முறை பொருந்தும். விரிக்க நேரமில்லை.

4. இனிச் செய்ய வேண்டியவை

மாவட்டந்தோறும் கையேடு. எடுத்த இடம் குறிக்கப்பட்ட பாறை மாதிரிகள் கொண்ட பெட்டி, பள்ளிக்கு ஒன்று. ஆசிரியரோடு ஆண்டு முழுதும் தொடர்பில் இருக்க ஓர் உறுப்பினர். களத்தில் பேச வேண்டியவர் ஆசிரியர், உறுப்பினர் துணை நிற்பவர். குவாரிக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பாதுகாப்பு விதிகள். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களோடு உடன்பாடு. இவற்றுள் கையேட்டுக்கான தீர்மானத்தையாவது அடுத்த பொதுக்குழுவில் நிறைவேற்றுங்கள்.