கணக்குச் சரி, கேட்ட முறைதான் பிழை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்திலும் ஆய்விலும் பலரை ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அதைக் கற்றது ஒரு தோல்வியில்.

எங்கள் தீவகத்தில் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நிற்கும் என்பது ஏட்டுக் கணக்கு. அளவு மீறி இறைத்தால் உவர் ஏறும். ஆராய்ச்சி மாணவியாக ஒரு கிராமத்துக் கிணறுகளை அளந்து, யார் காணியில் கூட இறைக்கிறார்கள் என்று சனசமூக நிலையத்தில் படம் போட்டுக் காட்டினேன். மறுநாள் ஒரு படலையும் திறக்கவில்லை. ஓர் ஆச்சி மட்டும் கேட்டார்: "பிள்ளை, உம்மட கணக்குச் சரியாயிருக்கும். எங்கட கிணறு பழுதெண்டு ஊரறியச் சொல்ல முன்னம் எங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டனீரோ?"

அதன் பின்புதான் எலினோர் ஒஸ்ட்ரமைப் படித்தேன். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற முதற் பெண். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வும் கிணற்று நீர் பற்றியதே. கலிபோர்னியாக் கரையில் நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்தபோது, ஒருவரையொருவர் நம்பாத பம்புக்காரர் என்ன செய்தார்கள்? நிலத்தடி நீரின் நிலை பற்றி எல்லோரும் ஏற்கும் ஒரு கணக்கைத் தேடினார்கள். குறைப்பது பற்றிய உடன்பாடு அதற்குப் பிறகே வந்தது.

இங்கே இரணைமடுவில் அது நடக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணம் இருந்தது, பொறியியலாளரின் கணக்கும் இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் இணங்கவில்லை. மழை பொய்த்த ஆண்டில் தண்ணீர் சிறுபோகத்துக்கா குழாய்க்கா என்று யார் தீர்மானிப்பது? அவர்களின் அச்சம் அதுதான் என்பது என் எண்ணம். கடைசியில் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. இரண்டு மாவட்டத்தாரை ஒரு மேசையில் இருத்துவதிலும் கடலைக் குடிநீராக்குவது இலகுவாகிவிட்டது!

பீடச் சபையிலும் இதே கதைதான். கூட்டத்தில் எழுந்து வாதாடி நான் எதையும் வென்றதில்லை. முதல் நாளே எதிர்ப்பவரின் அறைக்குப் போய், "சேர், இதில் உங்களுக்கு எது பயம்?" என்று கேட்பேன். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே பிரேரணையில் எழுதுவேன். ஆய்வுக்கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதைத் தரவு சேர்க்க முன்னரே பேசி எழுதிவைப்பேன். பிறகு பேசப்போய் முறிந்த நட்புகளைக் கண்டிருக்கிறேன்.

தங்கைமாருக்கு ஒன்று. பெண் என்றால் இணங்கிப்போவாள் என்று கூட்டக் குறிப்பையும் தேநீரையும் உங்களிடம் தள்ளுவார்கள். இணங்கிப்போவது வேறு, இணக்கம் காண்பது வேறு. குறிப்பை மட்டும் மறுக்காதீர்கள். என்ன முடிவானது என்று எழுதுவது நீங்கள்தானே!

அந்தக் கிராமத்துக்கு மறுபடி போனேன். இந்த முறை அளக்கும் கருவியை ஆச்சியின் கையிலேயே கொடுத்தேன். தன் கிணற்றை அளந்தார். பிறகு பக்கத்து வளவுக்காரியைக் கூப்பிட்டார்.