இயன்முறை மருத்துவம் பயில எப்பாடம் எடுப்பது?

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பக்கவாதத்தால் கைகால் செயலிழந்தோரையும், எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தோரையும் பயிற்சியாலும் கைத்திறத்தாலும் மீண்டும் இயங்கச் செய்வது இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்று மக்கள் வழங்குவதும் இதுவே.

அமெரிக்க நாட்டில் மாணவர் முதலில் ஒரு பட்டம் பெற்ற பின்னரே ஏறத்தாழ மூன்றாண்டுகள் இக்கல்வி பயில்கின்றனர். நம் தமிழகத்திலோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பி.பி.டி. பட்டப் படிப்பில் சேரலாம். ஆகவே இங்கே பாடத் தேர்வு கல்லூரி வாயிலில் நிகழ்வதன்று. பதினொன்றாம் வகுப்பில் சேரும் அன்றே முடிந்துவிடுகிறது.

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. உயிரியலுக்கு ஈடாகத் தாவரவியலும் விலங்கியலும் பயின்றிருக்கலாம். கணிதத்தோடு கணினி அறிவியல் எடுத்தவர், இயற்பியலும் வேதியியலும் பயின்றிருந்தும் உயிரியல் இன்மையால் வாய்ப்பிழப்பார். வணிகவியல் பிரிவினர்க்கும் வழியில்லை. இயற்பியல் எதற்கு என்று கேட்கலாம். முழங்கை மடங்குவதே நெம்புகோல் தத்துவம் அன்றோ?

ஓர் உண்மையை மறைக்காமல் கூறுகிறோம். முன்னொரு சமயம், மதிப்பெண் சற்றுக் குறைந்த நம் சேரிப் பெண் ஒருத்தியை, "அறிவியல் கடினம் அம்மா" என்று சொல்லி வணிகவியலில் சேர்த்தோம். அவளுடைய தந்தை பக்கவாதத்தில் வீழ்ந்தபோது இக்கல்வியின் அருமையை அவள் உணர்ந்தாள். எம்மிடம் வந்து வழி கேட்டாள். கதவை அடைத்தவர்கள் நாமே என்பதை அன்று உணர்ந்தோம்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் வடமொழி பயில விரும்பினார். சாதியின் பெயரால் அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்றார். அன்று பாடத்தைப் பிறர் மறுத்தனர். இன்று அறியாமையால் நாமே இழக்கலாமா?

தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதனுள் அருந்ததியர்க்கு 2009 முதல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகள் மேற்படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சேர்க்கை விதிகளும் நுழைவுத் தேர்வு பற்றிய ஆணைகளும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைத் தவறாது படித்தல் வேண்டும்.

2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவம் இல்லந்தோறும் செல்கிறது. தொடக்கூடாதவை என்று ஒதுக்கப்பட்ட கைகள், நோயாளியைத் தொட்டு எழுப்பி நடக்க வைக்கும் காலம் இது.

கழக உறுப்பினர்களே! பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், ஆளுக்கு ஒரு பிள்ளையோடு பள்ளிக்குச் செல்லுங்கள். பாடப்பிரிவு எழுதப்படும் மேசையருகே நில்லுங்கள். எம்மைப் போன்ற தலைமையாசிரியர் தயங்கினால், "உயிரியல் உள்ள பிரிவே வேண்டும்" என்று உறுதியாகக் கேளுங்கள். அதுவே இவ்விழாவில் யாம் விடுக்கும் வேண்டுகோள்.