பேதிக்குப் பழைய சிரப் வேண்டாம்

(நமது டிரஸ்ட் நடத்திய தாய்மார்களுக்கான மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நமது மருத்துவ உதவி நிதிக்கு வரும் ரசீதுகளைப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வந்த பலர் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கியிருக்கிறார்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கவில்லை. நாமும் விசாரிக்காமல் பணம் கொடுத்தோம். அது நம் தவறு.

சின்னக் குழந்தைகளின் பேதி பெரும்பாலும் ரோட்டா போன்ற வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. சில நாட்களில் பேதி தானாக நிற்கும். சிரப்தான் நிறுத்தியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மீதியை அலமாரியில் வைத்து அடுத்த முறை கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறோம்.

குடலில் நடப்பது வேறு. நல்ல கிருமிகள் சாகின்றன. மருந்துக்கு அடங்காதவை தப்பிப் பெருகுகின்றன. அந்தச் சக்தியை மற்றக் கிருமிகளுக்கும் கொடுக்கின்றன. மலத்தோடு வெளியேறி, தண்ணீர் வழியாகவும் கழுவாத கை வழியாகவும் அடுத்த குழந்தையைச் சேர்கின்றன.

ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமியின் கதை இதுதான். 1984இல் மேற்கு வங்கத்தில் அது கொள்ளைநோயாகப் பரவியபோது வழக்கமான மருந்துகள் பலிக்கவில்லை; நாலிடிக்ஸிக் அமிலம் காப்பாற்றியது. சில வருடங்களில் அதுவும் பலிக்காமல் போனது. அடுத்து வந்த சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கும் 2002இல் அங்கே அடங்காத ஷிகெல்லா பரவியது. உண்மையிலேயே மருந்து தேவைப்படும் குழந்தைக்கு, கொடுக்க மருந்து இல்லாத நிலை வரக்கூடாது. அதுதான் நம் கவலை.

பேதியில் குழந்தையின் உயிருக்கு முதல் ஆபத்து, உடலின் நீரும் உப்பும் வற்றுவது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அந்த முகாமில் நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல்தான் இன்றைய ஓ.ஆர்.எஸ்.

ஆகவே, பேதி தொடங்கியதும் ஒரு பாக்கெட்டை அதில் எழுதியுள்ள அளவு காய்ச்சி ஆறிய நீரில் கலக்குங்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மீண்டும் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேட்டு ஜிங்க் மாத்திரையை 14 நாள் கொடுங்கள். பேதி நின்றாலும் முழுவதும் கொடுங்கள்.

மலத்தில் ரத்தம், குழிந்த கண், சிறுநீர் குறைவு, குடிக்க முடியாத சோர்வு, நிற்காத வாந்தி, கடும் காய்ச்சல் என்று எது தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள்.

இனி நமது அலுவலகத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசமாகக் கிடைக்கும். ஆன்டிபயாட்டிக் ரசீதோடு டாக்டர் சீட்டும் இருந்தால்தான் உதவித்தொகை தருவோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் பிள்ளைகளுக்காகத்தான்.

அல்லாஹ் நம் குழந்தைகளுக்குப் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.