கோட்டை போனது, கொடை நின்றது

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)



நம் வளாகத்துச் சிறுவன் ஒருவன் கேட்டான்: “தாத்தா, ஜப்பானில் டைம்யோ என்று சிற்றரசர்கள் இருந்தார்களாமே, நம்ம ஊர்ப்பக்கம் அப்படி யாரும் இல்லையா?”

இருந்தார். நம் கணியம்பாடியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவர் கோட்டையைப் பார்க்கலாம். வேலூர் சின்ன பொம்மு நாயக்கர். விஜயநகரப் பேரரசுக்கு அடங்கி இந்தச் சீமையை ஆண்டவர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு ஆட்டம் கண்டது. மறு வருடமே, 1566-இல், வேலூர்க் கோயிலுக்கு நிலம் விடச் சொல்லி அவர் பேரரசரிடம் விண்ணப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

நான் பார்த்து வியந்த வரவு வேறு. ஆரணி பக்கத்து அடையபலத்தில் காலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான அப்பைய தீட்சிதர் கட்டியது. அங்கே 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. தீட்சிதர் ‘சிவார்க்கமணிதீபிகை’ எழுதியது, சின்ன பொம்மு அவருக்குக் கனகாபிஷேகம் செய்தது, 500 பேருக்குப் பாடம் நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. முப்பது வருடம் பேரேடு எழுதியவன் நான். கொடுத்தவர், வாங்கியவர், நடந்த வேலை மூன்றும் ஒரே கல்லில் பதிவானதைக் கண்டால் மனசு நிறைகிறது. அதே 1582-இல்தான் ஜப்பானின் பெரிய டைம்யோ ஓடா நொபுனாகா, சொந்தத் தளபதியின் துரோகத்தால் மாண்டார்.

கோட்டை என்னாயிற்று? நாயக்கரின் மகன் லிங்கம நாயக்கர் பேரரசர் வேங்கடபதியை எதிர்த்து, 1600-களின் தொடக்கத்தில் அதை இழந்தார். பிறகு பீஜப்பூர், மராட்டியர், ஆற்காட்டு நவாப், வெள்ளைக்காரர் என்று கை மாறிக்கொண்டே போனது. கோயிலிலும் வழிபாடு நின்றது. நான் பி.காம். படித்த நாளில் கருவறையில் மூலவர் இல்லை. 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேசுவரர் திரும்பி வந்தார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அடுத்த மாதப் பொதுக்குழுவில், கையிருப்புத் தொகையில் நுழைவாயில் வளைவு கட்டுவதா, பிள்ளைகளுக்குப் படிப்பறை அமைப்பதா என்று கை தூக்கப் போகிறோம். இரண்டுக்கும் பணம் போதாது. வளைவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அகழியும் மதிலும் கட்டியவரின் வம்சத்திடமே அந்தக் கோட்டை நிலைக்கவில்லை. படிப்புக்கு அவர் கொடுத்தது நானூறு வருடம் கழித்தும் அடையபலத்துக் கல்லில் அவர் பேரிலேயே இருக்கிறது.

என் கை படிப்பறைக்கு. நீங்களும் யோசித்துவிட்டு வாருங்கள்.